தேர் திரும்புமிடம்

கட்டடக்கலைப் படிப்பின் நான்காம் ஆண்டில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு பழைய நகர மையத்தை ஒட்டி, வீடும் கடையும் தொழிலும் கலந்த புதுக் குடியிருப்பு ஒன்றை வடிவமைக்க வேண்டும். ஊரை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வகுப்பில் பாதிப் பேர் புத்தகத்தில் பார்த்த பார்சிலோனாவையும் ஆம்ஸ்டர்டாமையும் எடுத்தார்கள். நான் சொந்த ஊரான திருவண்ணாமலையை எடுத்தேன். ஊர்ப்பற்று எல்லாம் இல்லை. தெரிந்த ஊர், சீக்கிரம் முடித்துவிடலாம் என்கிற சோம்பேறித்தனம்தான்.

ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், பொதுக் கட்டடங்களுக்குச் சிவப்பு, பூங்காவுக்குப் பச்சை. கீழே கடை, மேலே வீடு. எல்லா மொட்டை மாடியிலிருந்தும் ராஜகோபுரம் தெரியும். விடுமுறையில் அந்தத் தாளை ஊருக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் விரித்து வைத்திருந்தேன். பெரியப்பா வந்தார். இளவயதில் பல வருஷம் கார்த்திகைத் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர் அவர்.

"இன்னாடா இது, கலர் கலரா?"

விளக்கினேன். கேட்டுக்கொண்டே தெருக்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போனவர் ஒரு மூலையில் நிறுத்தினார்.

"இந்த முக்குல தேரு எப்டிடா திரும்பும்?"

"தேரு இங்க வராது பெரிப்பா. இது புது ஏரியா."

"தேரு வராத தெருவுல யாரு உன்ன கேக்கப் போறாங்க? ஆளாளுக்கு ரெண்டடி முன்னால இழுத்துக் கட்டுவான்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. திருவண்ணாமலையின் கோயிலடித் தெருக்களைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கான உரை மாதிரிதான் இருந்தது.

1

முட்டுக்கட்டை என்றால் நமக்குத் தடை. "ஏன்டா எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடற" என்று திட்டுவோம். தேரடியில் அதற்குப் பொருள் வேறு. பெரிய தேருக்குத் திசைதிருப்பும் கருவி எதுவும் கிடையாது. முன்னால் வடத்தை இழுப்பவர்களுக்குத் தேரின் சக்கரம் தெரியாது. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து நடந்து, எந்தச் சக்கரத்தின் அடியில் எப்போது கட்டையைச் செருகுவது, எப்போது உருவுவது என்று முடிவுசெய்கிறவர்கள்தான் தேரை ஓட்டுகிறார்கள். ஒரு பக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால் தேர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பும். மாடவீதியின் நாலு மூலையிலும் இதுதான் நடக்க வேண்டும். மூலையில் இடம் இல்லையென்றால் அனுபவம் இருந்தும் பயனில்லை.

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் இங்கே ஒன்றல்ல, ஐந்து தேர்கள் வருகின்றன. விநாயகர், முருகர், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேசுவரர். காலையில் ஆரம்பித்தால் இரவு வெகுநேரம் ஆகும். அம்மன் தேரைப் பெண்கள் இழுக்கிறார்கள், சண்டிகேசுவரர் தேரைக் குழந்தைகள். இந்த ஒரு நாளுக்காக மாடவீதி வருஷம் முழுக்க ஓர் அகலத்தைக் காத்துவைத்திருக்கிறது. திருவிழா நெருங்கும்போது கடைக்காரர்கள் கூரைத் தகரத்தைக் கழற்றி உள்ளே வைப்பார்கள். குறுக்கே போகும் மின்கம்பிகளுக்கு ஒரு வழி செய்தாக வேண்டும். முன்னே நீண்ட படிகள் உடைபடும். யாரும் பெரிதாகச் சண்டை போட மாட்டார்கள். "தேரு வருதுல்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அலுவலகத்தில் தூங்கும் எந்த வரைபடத்துக்கும் இந்த அதிகாரம் இல்லை. ஒரு விதி எழுதப்பட்டிருப்பது வேறு, அது வருஷா வருஷம் ஐந்து மரத்தேர்களோடு தெருவில் நடந்து வந்து அளந்து பார்ப்பது வேறு.

2

தெருக்களின் பெயர்களைக் கவனித்தால் இந்த ஊரை யாரோ யோசித்துத்தான் அமைத்திருக்கிறார்கள் என்று தெரியும். கோயிலின் வடக்கு மதிலை ஒட்டிய தெரு வட ஒத்தவாடைத் தெரு. தெற்கே தென் ஒத்தவாடைத் தெரு. சின்ன வயதில் இதைக் கேட்டால் எனக்கு ஏதோ நாற்றம் சம்பந்தப்பட்ட பெயராகத் தோன்றும். வாடை என்றால் தெருவில் வீடுகளின் வரிசை. ஒற்றை வாடை என்றால் ஒரு பக்கம் மட்டும் வீடுள்ள தெரு. எதிர்ப்பக்கம் மதில். ஒரு தெருவின் குறுக்குவெட்டுத் தோற்றமே பெயராக நின்றுவிட்டது.

இன்னொரு தெரு திருவூடல் தெரு. தை மாதம் இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் அங்கே சண்டை நடக்கும். சுந்தரர் நடுவில் தூது போவார். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, சாமி ராத்திரி வெளியே தங்குவார். கணவன் மனைவி சண்டைக்காக ஒரு தெருவுக்குப் பெயர் வைத்த ஊர் வேறு உண்டா என்று தெரியவில்லை. மற்ற நாட்களில் அதே தெருவில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், வியாபாரம் செய்கிறார்கள், வண்டியை நிறுத்துகிறார்கள்.

கோயிலைச் சுற்றியுள்ள இப்படிப்பட்ட குடியிருப்புக்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் ஒரு சொல் வைத்திருக்கின்றன: திருமடைவிளாகம். கோயில் வேலை செய்பவர்கள், அடியார்கள், வணிகர்கள் எல்லாம் இருக்கும் வட்டாரம். அது எவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிடப்பட்டது என்று பார்க்கத் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும். பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த ஒரு நீளமான கல்வெட்டு, கோயிலுக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகப் பட்டியலிடுகிறது. பெயர் மட்டுமில்லை. எந்தத் தெரு, அதில் தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பது வரை இருக்கிறது. தெருவின் ஒரு வரிசையைச் சிறகு என்றிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும். ஒரு பங்கு என்பது வருஷத்துக்கு 100 கலம் நெல்.

அதே பட்டியலில் நட்டுவனார், பாடுகிறவர்கள், மத்தளக்காரர்கள், கணக்கர்கள், விளக்கு ஏற்றுகிறவர்கள், தண்ணீர் தெளிப்பவர்கள், குயவர், வண்ணார், நாவிதர், தையல்காரர், தச்சர், சோதிடர் வரை வருகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு குடியிருப்பின் வீட்டு ஒதுக்கீட்டுப் பதிவேடு அது. இன்று நாம் "கலப்புப் பயன்பாடு" என்று புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுவது அதில் சாதாரணமாக நடக்கிறது. வேலை செய்யுமிடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு. வீட்டுக்கு அடுத்த தெருவில் துணி வெளுப்பவர், பானை செய்பவர். அவர்களின் வருமானத்துக்கும் அங்கேயே வழி.

3

திருவண்ணாமலைக்கு அப்படிப்பட்ட பதிவேடு கிடைக்கவில்லை என்றாலும் கல்வெட்டுகளுக்குக் குறைவில்லை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்தத் தலத்தைப் பற்றி 1989-90-இல் ஐந்து தொகுதிகள் வெளியிட்டார்கள். கல்வெட்டில் தொடங்கிக் கட்டடம், சடங்கு, சமூகம் என்று போய், கடைசித் தொகுதி முழுக்க நகரத்தைப் பற்றியது. கோயிலைப் படிக்க வந்தவர்கள் ஊரில் போய் முடிந்தது தற்செயல் இல்லை. இங்கே இரண்டையும் பிரிக்க முடியாது.

14-ஆம் நூற்றாண்டில் டில்லிப் படைகளாலும் மதுரை சுல்தான்களாலும் நெருக்கப்பட்ட ஹொய்சள அரசன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையில் வந்து தங்கி இதையே தலைநகர் போல ஆக்கிக்கொண்டான். வல்லாள கோபுரம் அவன் பெயரில்தான் நிற்கிறது. மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். பிள்ளையில்லாதவன் என்று தலக்கதை சொல்லும் அந்த ராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக இருந்து மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார். சாமி ஊர்வலமாகப் போய் ஆற்றங்கரையில் ஒரு மனிதனுக்குக் காரியம் செய்துவிட்டு வருகிறார். ஏறக்குறைய 680 வருஷமாக ஊர் அந்த மரணத்தை மறக்கவில்லை.

16-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் ஆயிரங்கால் மண்டபமும் சிவகங்கைக் குளமும் எடுத்தார். அவர் தொடங்கிய ராஜகோபுரத்தைத் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தார். 11 நிலை, 217 அடி. கோயில் சுமார் 25 ஏக்கருக்கு விரிந்தது. மதில் வளர வளர, ஊர் சற்று வெளியே தள்ளி அதே சதுரத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டது.

18-ஆம் நூற்றாண்டு கர்நாடகப் போர்களில் அந்த மதிலே கோட்டையானது. நவாபின் ஆட்கள், மராட்டியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோயில் பலமுறை கைமாறியது. 1767-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி ஜோசப் ஸ்மித்தும் இந்த ஊருக்கு வெளியேதான் மோதினார்கள். சுற்றியிருந்த வீடுகள் அப்போது என்ன பாடு பட்டிருக்கும்? ஆனால் போர் முடிந்ததும் மாடவீதி அதே கோட்டில் மறுபடி எழுந்தது. புதிதாக அளக்க வேண்டியிருந்திருக்காது. தேர்தான் அளவுகோல்.

அந்தக் கோட்டில் வந்த வீடுகளின் அமைப்பை இன்றும் சில இடங்களில் பார்க்கலாம். முகப்பு ஒடுக்கம், உள்ளே ஆழம். முன்னால் திண்ணை. திண்ணைக்குப் பின்னால் கடை அல்லது பட்டறை. அதற்குப் பின் கூடம், முற்றம், சமையல்கட்டு, கிணற்றடி. வியாபாரம் பெருத்தால் கடை உள்நோக்கி வளரும், படுத்தால் குடும்பம் முன்னால் வரும். திருவிழாவில் திண்ணை சத்திரமாகும். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் தெருவே பந்தல். ஒரே சதுர அடியை நேரம் மாற்றி நேரம் நாலு பேர் பயன்படுத்துவது. என் மஞ்சளும் நீலமும் தோற்ற இடம் இதுதான். பெரியப்பா வீட்டு முன்னறை காலை ஆறு மணிக்கு நீலம், மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு அவர் கட்டையைச் சாய்க்கும்போது மஞ்சள், தீபத்தன்று தெரியாத ஆந்திரக் குடும்பம் ஒன்று அங்கே உறங்கும்போது சிவப்பு. எந்தப் பென்சிலை எடுப்பது?

4

இதுவரை எழுதியதைப் படித்தால் பழைய ஊர் சொர்க்கம் போலத் தோன்றும். அங்கே ஒரு முட்டுக்கட்டை போட வேண்டியிருக்கிறது.

கோயிலடித் தெருக்களில் தொழில்கள் கலந்திருந்தன. ஆட்கள் அப்படிக் கலக்கவில்லை. யார் எந்தத் தெரு என்பதைச் சாதி தீர்மானித்தது. யார் அந்தத் தெருக்களில் இருக்கவே கூடாது என்பதையும் அதுதான் தீர்மானித்தது. 1924-இல் வைக்கத்தில் நடந்த போராட்டம், பெரியார் சிறைக்குப் போன போராட்டம், கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக. தெரு என்பது எவ்வளவு அரசியலான இடம் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேண்டாம். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. ஆனால் இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு முதல் முறையாகப் போய்ப் பொங்கல் வைத்தது 2023 ஜனவரியில்.

தஞ்சைக் கல்வெட்டின் அந்த 400 பெண்களையும் இப்போது வேறு மாதிரி யோசிக்கத் தோன்றுகிறது. வீட்டு எண் வரை குறித்துக் கொடுத்தார்கள், சரி. பல ஊர்க் கோயில்களிலிருந்து அவர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்தபோது வர விருப்பமா என்று கேட்டிருப்பார்களா?

அதனால் பழைய திருமடைவிளாகத்தை அப்படியே நகலெடுப்பது தீர்வாகாது. அதன் வடிவத்திலிருந்து கற்க நிறைய இருக்கிறது. அதன் வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் அதே தாளில் வரைய வேண்டும்.

5

கோயில் நகரத்தை ஒட்டிப் புதுக் குடியிருப்பு போடுவது என்கிற வேலையைத் தமிழ்நாட்டில் நவீன அரசு முதலில் பெரிதாகச் செய்தது மதுரையில். 1830-களின் இறுதியில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கத் தொடங்கினார். கையில் பணம் கம்மி. அதனால் ஒரு தந்திரம் செய்தார்: அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலத்திலேயே மனை. மதில் இருந்த இடத்தில் வெளி வீதிகளும், மேற்பார்வை செய்தவர்களின் பெயரில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்றும் வந்தன. விளக்குத்தூண் என்று மதுரைக்காரர்கள் சொல்வது அந்தக் கலெக்டருக்கு எழுப்பிய நினைவுச் சின்னம்தான்.

அவர் போட்ட தெருக்கள் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்ற பழைய அடுக்கின் வெளிவட்டமாகவே அமைந்தன. அங்கேயும் கீழே கடை, மேலே வீடு. பழைய ஊரின் இலக்கணத்தில் எழுதிய புது வரி என்பதால் இன்று அது "புதுக் குடியிருப்பு" என்று யாருக்கும் தெரியாது. ஒரு வித்தியாசம் உண்டு. உள்வீதிகளில் மாசம் தவறாமல் சாமி வருகிறார். வெளிவட்டத்தில் லாரி வருகிறது.

அடுத்த கதை எம்டனில் ஆரம்பிக்கிறது. 1914 செப்டம்பரில் சென்னை மேல் குண்டு போட்டு நம் மொழிக்கு ஒரு வசவைக் கொடுத்துவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல், அடுத்த மாதம் இந்தியப் பெருங்கடலில் ஒரு சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதில் ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடிஸ் பல ஆண்டுகள் சேர்த்த நகர வரைபடங்கள் முழுவதும் இருந்தன. சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் அழைத்து இங்கே கண்காட்சி வைக்க வந்துகொண்டிருந்தார் கெடிஸ். வெறுங்கையோடு இறங்கியவர், நண்பர்கள் அனுப்பியதை வைத்து 1915 ஜனவரியில் செனட் ஹவுஸில் கண்காட்சியை நடத்தியே விட்டார். பிறகு மாகாணத்தின் ஊர் ஊராகப் போய் அறிக்கை எழுதினார்.

அப்போதைய பொறியாளர்களின் பழக்கம், நெரிசலான பழைய தெருவைக் கண்டால் நடுவில் நேராக ஒரு அகலச் சாலையை வெட்டுவது. வீடிழந்தவர்கள் பக்கத்துத் தெருவில் போய் அடைவார்கள், அங்கே நெரிசல் இரட்டிப்பாகும். தஞ்சாவூரில் அப்படியொரு திட்டத்தைப் பார்த்த கெடிஸ், இடிந்துபோன சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மரமும் கிணற்றடியும் திறந்தவெளியும் விட்டாலே போதும் என்று வரைந்து காட்டினார். செலவும் பல மடங்கு குறைவு. தென்னிந்தியக் கோயில் நகரங்களின் தேர் வீதிகளை அவர் அசட்டு மூடநம்பிக்கையாகப் பார்க்கவில்லை, நகர அமைப்பாகப் பார்த்தார்.

அதை இந்தூரில் பயன்படுத்தியும் காட்டினார். பிளேக் பரவியிருந்த காலம். மகாராஜாவிடம் கேட்டு ஒரு நாள் மகாராஜா ஆனார். இந்த வருஷம் தீபாவளி ஊர்வலம் வழக்கமான தெருக்களில் போகாது, எந்தத் தெரு நன்றாகச் சுத்தமாகி வீடுகள் பழுது பார்க்கப்பட்டிருக்கிறதோ அந்தத் தெரு வழியாகப் போகும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பத்தை எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை போயிற்று. ஊர்வலத்தில் ராவணனோடு ஒரு பெரிய எலியையும் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். பெரியப்பா டீ குடிக்கப் போகும் வழியில் சொன்னதைத்தான் கெடிஸ் அங்கே செய்திருக்கிறார்: தெருவுக்கு ஒரு தேரை வரவழைத்திருக்கிறார்.

பின்னால் வந்த சட்டங்களில் தேர் இல்லை. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம், 1971-இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டம், மண்டலங்கள், நிறங்கள். அதில் "கலப்புக் குடியிருப்பு" என்று ஒரு மண்டலமும் உண்டு. கோயில்களுக்காகச் சேர்த்த விதிகளிலும் கண் மேலேதான் பார்க்கிறது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது. கோபுரம் தெரிய வேண்டும், நல்லது. கோபுரத்தடியில் பூக்கட்டும் பெண் எங்கே குடியிருப்பாள் என்பதற்கு எந்த விதியிலும் மீட்டர் கணக்கு இல்லை.

6

2002-இல் அண்ணாமலையார் கோயிலை மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட சின்னமாக எடுத்துக்கொள்ளும் அறிவிப்பு வந்தது. ஊர் கொதித்தது. அர்ச்சகர்களிலிருந்து தேங்காய்க் கடைக்காரர் வரை தெருவில் இறங்கினார்கள். வழிபாடு என்ன ஆகும் என்ற பயம் ஒன்று. இன்னொன்று வீடு. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குக் கட்டடம் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. மாடவீதி மொத்தமும் அதற்குள் வந்துவிடும். மாடியில் ஒரு அறை எடுக்க டில்லிக்கு எழுத வேண்டும். கடைசியில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. கோயிலைக் காப்பாற்றுவது என்றால் அதைச் சுற்றி வாழ்கிறவர்களை உறைய வைப்பது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை ஊர் அன்று சொன்னது. மறுபக்கம், 2023-இல் ராஜகோபுரத்துக்கு எதிரிலேயே கடை வளாகம் கட்டும் திட்டம் வந்தபோதும் எதிர்ப்பு வந்து அது உயர் நீதிமன்றம் வரை போனது. உறையவும் கூடாது, அடைக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில்தான் தெரு இருக்கிறது.

இதற்கிடையில் ஊர் வேறு பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. ரமணர் 1896-இல் வந்தபோது செங்கம் சாலைப் பக்கம் ஆள் நடமாட்டம் அதிகமில்லை. 1922-இல் அவருடைய அம்மாவை அங்கே அடக்கம் செய்த பிறகு ஆசிரமம் மலையடிவாரத்துக்கு இறங்கியது. அடியார்கள் பக்கத்தில் வீடு கட்டினார்கள், ரமண நகர் உருவானது. 1989-இல் திருவண்ணாமலை மாவட்டத் தலைநகர் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்கால் பக்கம் போனது. பௌர்ணமி கிரிவலம் பெருங்கூட்டமாக மாறியதும் 14 கிலோமீட்டர் பாதை நெடுக மனை விலை ஏறியது. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 1,45,000. 2024-இல் மாநகராட்சி. மாடவீதியில் வீடாக இருந்தவை விடுதிகளாகின்றன. கூடத்தைத் தடுத்து மூன்று அறை. வாடகை, சம்பளக்காரனுக்கே எட்டவில்லை. கற்பூரம் விற்கிறவருக்கும் செருப்பு பார்த்துக்கொள்கிறவருக்கும் எப்படி எட்டும்?

அவர்கள் எங்கே போவார்கள்? ஊரை விட்டுத் தூரம் போக முடியாது. விடிகாலை நாலு மணிக்குக் கடை திறக்க வேண்டும். பக்கத்தில் மிச்சமிருக்கும் ஒரே இடம் மலைச் சரிவு.

7

நம் ஊர்களில் புறம்போக்கு நகராக மாறும் விதம் எல்லோருக்கும் தெரியும். முதலில் ஒரு ஓலைக் கொட்டகை. பிறகு தெருவிளக்கு. தேர்தல் வந்தால் குழாய். மின் இணைப்பு, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது. ஒருநாள் தெருவுக்கு எண்ணும் நகருக்கு ஒரு தலைவரின் பெயரும் வரும். அரசாங்கம் அந்த வீட்டைப் பார்க்கவில்லை என்று சொல்லவே முடியாது. வருஷா வருஷம் ரசீது கொடுத்திருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாள் டிசம்பர் 1, விடாத மழை. அன்று மாலை அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. உள்ளே ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மேலே இன்னொரு பெரிய பாறை எப்போது உருளுமோ என்ற நிலையில், மீட்புப் படையினர் கைக்கருவிகளோடு மண்ணை அள்ளினார்கள். யாரும் உயிரோடு கிடைக்கவில்லை. டிசம்பர் 13 மகாதீபம். நிலவியல் வல்லுநர்கள் வந்து பார்த்த பிறகு, அந்த வருஷம் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரையும் நெய்யும் கொண்டுபோகிறவர்கள் மட்டும் ஏறினார்கள்.

அந்த வாரம் வேறு ஊரிலிருந்த நான் பழைய கோப்புகளைத் தேடி அந்தக் கல்லூரித் தாளை எடுத்தேன். மஞ்சளும் நீலமும் கொஞ்சம் வெளுத்திருந்தன. மலையடிவாரத்தில் ஒரு மெல்லிய கோடு, அரசு நில அளவைப் படத்திலிருந்து நான் பிரதியெடுத்தது. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் ஓடை. அதன்மேல் வண்டி நிறுத்துமிடம் வரைந்திருந்தேன். சரிவில் இருந்த வீடுகளுக்கு நிறமே கொடுக்கவில்லை. வெள்ளையாக விட்டு, மேலே சின்ன எழுத்தில் "ஆக்கிரமிப்பு" என்று எழுதியிருந்தேன். கோபுரம் தெரிகிறதா என்று ஒவ்வொரு மாடியிலிருந்தும் கோடு இழுத்துச் சரிபார்த்தவன், அந்த வெள்ளைக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. என் வீட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிஷம்.

2,668 அடி உயரமுள்ள மலை. அதில் பெய்யும் மழை எல்லாத் திக்கிலும் இறங்கும். இறங்குகிற வழியில் குளங்கள், ஏரிகள், கிரிவலப் பாதை நெடுகத் தீர்த்தங்கள். அய்யங்குளத்துக்கும் சமுத்திரம் ஏரிக்கும் வரும் தண்ணீர் ஒரு ஊர்வலம் மாதிரிதான் வருகிறது. அதற்கும் அகலம் வேண்டும். அதற்கும் முக்கில் திரும்ப இடம் வேண்டும். ஆனால் தேருக்குத் தேதி உண்டு, மேளம் உண்டு, லட்சம் பேர் கூட்டம் உண்டு. தண்ணீர் இருபது முப்பது வருஷத்துக்கு ஒருமுறை, அறிவிக்காமல், இருட்டில், முழு அகலத்தையும் கேட்டுக்கொண்டு வருகிறது. நடுவில் உள்ள வருஷங்களில் யாரும் அதைக் கேட்பதில்லை. ஆளாளுக்கு ரெண்டடி இழுத்துக் கட்டுகிறோம். நானும் தாளில் அதைத்தான் செய்திருந்தேன்.

8

இன்று அதே வேலையைக் கொடுத்தால் நிறத்தில் தொடங்க மாட்டேன். எதை அடைக்கக் கூடாது என்பதை முதலில் வரைவேன். தேர் போகும் வழி, தண்ணீர் போகும் வழி. இரண்டுக்கும் ஒரே தடிமனில் கோடு. தேரை அளப்பது போலவே, ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷத்துக்கு ஒருமுறை ஊரே ஓடையோடு நடந்து பார்க்க ஒரு நாள். அதற்கு ஒரு சாமியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அதுவும் சரி. கெடிஸ் ஆட்சேபிக்க மாட்டார்.

அதற்கடுத்து, தஞ்சைக் கல்வெட்டைப் போல ஒரு பட்டியல். பூக்கட்டுபவர், மாலை நேர இட்லிக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், விடுதியில் அறை துடைப்பவர், முட்டுக்கட்டை போடுபவர். ஒவ்வொருவருக்கும் மாடவீதியிலிருந்து நடக்கும் தூரத்தில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, வாடகை எவ்வளவு. இந்தத் தடவை அவர்களைக் கேட்டுவிட்டு. எந்தச் சிறகிலும் சாதி பார்க்காமல். கோயிலுக்கும் அரசுக்கும் ஊருக்குள் இருக்கும் நிலத்தில் இதற்கு இடம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவையும் செய்த பிறகு மீதியை விட்டுவிடலாம். கடை எங்கே, வீடு எங்கே என்பதை ஜனங்களே பார்த்துக்கொள்வார்கள். ஆயிரம் வருஷமாக அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

பெரியப்பாவுக்கு இப்போது முட்டி வலி. தேரன்று பேகோபுரத் தெருப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். போன தடவை நானும் பக்கத்தில் இருந்தேன். பெரிய தேர் மூலைக்கு வந்து நின்றது. வடம் தளர்ந்தது, கூட்டம் அமைதியானது. நாலைந்து பேர் சக்கரத்தடியில் குனிந்தார்கள். பெரியப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, தேரைப் பார்க்காமல், எதிரே இருந்த கட்டடத்தின் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும், எடம் கீது" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தேர் திரும்பியது.